அக்கா பக்கம்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் அவ்வப்போது "நானும் இருக்கேன்" என்று சொல்லிக்காட்டுகிறது. அந்தக் கப்பல் எஞ்சின் அறைச் சூட்டில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதல் வரியிலேயே எழுது. கடைசி வரியில் அவசரமாக "நலம்" என்று எழுதினால் நான் நம்புவதில்லை.

வண்டி விஷயமாக உன்னிடம் யோசனை கேட்க வேண்டும். போன மழையில் மேல்கிராமத்துப் பாதை பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. நேற்று மூக்குக்கண்ணாடிப் பெட்டிகளோடு கிளம்பினேன். ஓடையைத் தாண்டும் இடத்தில் ஒரு பாறை துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் வண்டியின் வயிறு உட்கார்ந்துகொண்டு "கர்ர்" என்று ஒரு சத்தம். என் வயிறே கிழிந்த மாதிரி இருந்தது. பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரேடியோவிடம் காட்டினேன். உனக்கு நினைவிருக்கும், அத்தானுக்குப் பழக்கமான மெக்கானிக், வாயை மூடவே தெரியாதவன். வண்டிக்கடியில் படுத்துக்கொண்டே அரைமணி நேரம் பேசினான். ஸ்பிரிங் எல்லாம் செத்துவிட்டதாம். ஓட்டும் பக்கம் ரொம்பவே தாழ்ந்திருக்கிறதாம். "புதுசு போட்டுக் கொஞ்சம் துக்கிவிடலாம் அக்கா, அந்தப் பாறை எல்லாம் கீழேயே போயிடும்" என்கிறான்.

ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரும் சொல்லிவிட்டார், வருஷக் கடைசிக்குள் மேலே போக வழி பிறக்காவிட்டால் மேல்கிராமத்தை நான் கண் பார்க்கப் போகும் சுற்றிலிருந்து எடுத்துவிடப் போகிறாராம். அங்கே கூடை பின்னும் ஒரு அம்மா இருக்கிறாள். அத்தான் ஓட்டிய கடைசிச் சுற்றில்தான் அவளுக்குக் கண் பார்த்தேன். அவளுடைய கண்ணாடி தயாராகி என் பெட்டியில் துசி படிந்து கிடக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் அந்த ஊரை விட எனக்கு மனசில்லை.

துக்கலாமா, வேண்டாமா? யோசித்து எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் வரி: சாப்பிடுகிறேன். போதுமா? முழங்காலுக்கு நான் அனுப்பிய உறையைப் போடுகிறாயா, அல்லது அது அலமாரியில் சுகமாக இருக்கிறதா?

உன் கடிதம் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் கையில் காத்திருந்தது. ரேடியோ நம் வண்டியை "துக்கிவிடலாம்" என்றதாக எழுதியிருந்தாய். வழக்கம்போல வாலை நானே சேர்த்துத் "தூக்கிவிடலாம்" என்று படித்தேன். அப்புறமும் பயம்தான், அவன் வண்டியை எங்கே தூக்கிக்கொண்டு போகப் போகிறான் என்று.

ஒன்று கேட்கிறேன். கண் பார்க்கும் அட்டையின் கடைசி வரியில் "து தூ" என்று போட்டு வைத்துக்கொண்டு, மலை முழுக்க "வால் தெரியுதா, தெரியலையா?" என்று கேட்டுக் கண்ணாடி மாட்டுகிறவள் நீ. உன் பேனாவிலிருந்து மட்டும் இத்தனை வயதாகியும் ஒரு வால்கூட வெளியே வரவில்லையே? பள்ளிக்கூடத்தில் உன் காதைத் திருகிய டீச்சர் பாவம்.

விஷயத்துக்கு வருகிறேன். தாராளமாகத் தூக்கலாம். ஆனால் இரண்டு அங்குலம், அவ்வளவுதான். ரேடியோ சினிமா வண்டி மாதிரி நாலு அங்குலம் போடலாம் என்று ஆசை காட்டுவான், மயங்காதே. உயரம் கூடினால் வளைவில் தள்ளாடும், பிரேக் குழாய் எட்டாமல் இழுபடும், உன் முழங்காலுக்கு ஏணி கேட்கும். பழைய வண்டிக்கு அளவான உயரம்தான் மரியாதை.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் நானே வாங்கி அனுப்புகிறேன். அடுத்த துறைமுகத்தில் பெரிய கடை இருக்கிறது. முன்னால் போடும் சுருள் ஸ்பிரிங் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஒன்று மற்றதைவிட ஒரு விரற்கடை உயரம். உயரமானது ஓட்டும் பக்கத்துக்கு. ஸ்டீயரிங், பேட்டரி, ஓட்டுகிற ஆள் எல்லாம் அந்தப் பக்கமே அழுத்துவதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். மாறிப் போனால் வண்டி சாய்ந்துதான் நிற்கும். மாறாதபடி அட்டை எழுதிக் கட்டிவிடுகிறேன்.

இங்கே கடல் கொஞ்ச நாளாக அசையவே இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே நிறம். மேல்தளத்தில் நின்றால் கப்பல் எதன்மேலும் இல்லாமல் தொங்குகிற மாதிரி இருக்கிறது.

உன் தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌகரியம். உறை அலமாரியில்தான் இருக்கிறது, அதுவும் சௌகரியம். உனக்குப் பழைய இருமல் திரும்ப வரவில்லையே?

ஸ்பிரிங் அனுப்புவதாக எழுதியதில் சந்தோஷம். ஆனால் ஒன்றும் அவசரமில்லை, நிதானமாகப் பார்த்து அனுப்பு. இருபது வருஷம் இருந்த ஸ்பிரிங், இன்னும் சில மாதம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போதெல்லாம் கீழ் ஊர்களை மட்டும் காலையில் முடித்துக்கொண்டு மத்தியானம் திரும்பிவிடுகிறேன். வண்டியைக் கொட்டகைக்குள் விட்டால் உடனே இறங்கத் தோன்றுவதில்லை. இந்த மாதத்தில் மலையிலிருந்து மேகம் கீழே இறங்கி வரும் இல்லையா, கொட்டகைக்குள்ளேயே வந்துவிடுகிறது. முன் கண்ணாடி வெளுத்துப் போகும். எதிரில் சுவர் இருப்பதே தெரியாது. எங்கேயோ போய்க்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கும், எஞ்சின் மட்டும் ஓடாது. அப்போது எனக்கு நல்ல துக்கம் வருகிறது. வீட்டுக்குள் கட்டிலில் படுத்தால் வருவதில்லை, வண்டியில் உட்கார்ந்தால்தான் வருகிறது. வயசாகிவிட்டது, வேறென்ன.

நேற்று கீழ் ஊரில் ஒரு தையல்காரர் கடைசி வரியைப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது எழுத்துக்கு வால் இருக்கு, முதல் எழுத்துக்கு வாலை யாரோ வெட்டிட்டாங்க" என்றார். உன்னை நினைத்துக்கொண்டேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன் அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் இல்லை, காதும் மூடியிருக்கிறது. நீ மத்தியானம் நன்றாகத் தூங்குவதாக எழுதியது எனக்குப் பெரிய நிம்மதி. அத்தான் போனபின் நீ தூங்குவதே இல்லை என்று பக்கத்து வீட்டம்மா ஒருமுறை எழுதியிருந்தார்கள்.

பெட்டி அனுப்பிவிட்டேன். முன்னால் இரண்டு ஸ்பிரிங், பின்னால் போடும் பட்டை ஸ்பிரிங்குகள், நான்கு ஷாக். பட்டைகளை எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். முன் ஸ்பிரிங் இரண்டிலும் எது எந்தப் பக்கம் என்று அட்டை எழுதிக் கம்பியால் கட்டியிருக்கிறேன், சின்னப் பிள்ளைகூடத் தப்பாகப் போடாது. ரேடியோவிடம் வாயைக் குறைத்துக்கொண்டு அட்டையைப் படிக்கச் சொல்.

பெட்டியை ஆணி அடித்து முடித்த அன்று ஒரு கனவு. பின் சீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உங்கள் சுற்றுக்குக் கூட வருவேனே, அந்த மாதிரி. கண்ணாடிப் பெட்டிகள் என் மடியில் கிலுகிலு என்கின்றன. முன்னால் இரண்டு தலைகள். அத்தான் தலை மலை மாதிரி அசையாமல் இருக்கிறது. உன் தலை மட்டும் ஆடி ஆடி, மெல்லச் சரிந்து, அவர் தோளில் போய் நிற்கிறது. அவர் தோளை அசைக்காமல் ஒரு கையாலேயே வளைவைத் திருப்புகிறார். வெளியே பார்த்தால் மலை இல்லை, கடல். சக்கரத்துக்குக் கீழே மீன்கள் போகின்றன. நான், "அத்தான், தண்ணியில ஓடுது வண்டி" என்கிறேன். அவர் திரும்பாமல், "சத்தம் போடாதே, உன் அக்கா தூங்குறா" என்கிறார்.

விழித்ததும் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

பெட்டி வந்ததும் எழுது.

உன் தம்பி


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

பெட்டி வந்து கொஞ்ச நாள் ஆகிறது. கூடத்தில் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பலகையில் கடல் வாசனை வருகிறது. காலையில் எழுந்ததும் அந்த வாசனையில் ஒரு நிமிஷம் நீ வந்திருக்கிறாயோ என்று தோன்றும்.

இன்னும் மாட்டவில்லை. ரேடியோ அவன் மச்சினி கல்யாணத்துக்குப் போய்விட்டான். வந்தபோது விடாமல் துறல். அப்புறம் ஏதோ புஷ் என்ற ரப்பர் வளையம் கிடைக்கவில்லை. அது கிடைத்தபோது எனக்குச் சளி. ஒரு நாள் பட்டறை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் ஜாக்கி வைக்கப் போனான். வேறு வேலை ஞாபகம் வந்தது, திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் கனவைப் படித்தேன்.

கொட்டகையில் ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது, சரியாக வண்டி கூரைக்கு மேலே. இரண்டு அங்குலம் துக்கினால் அதற்கு இடைஞ்சல் ஆகுமோ என்னவோ.

இந்த முறை சின்னக் கடிதம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டதா? கஷாயம் ஏதாவது குடித்தாயா, இல்லை அதையும் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாயா?

ரேடியோவுக்கு மொத்தம் எத்தனை மச்சினி? குருவியைச் சாட்சிக்கு இழுக்காதே அக்கா. வண்டிக் கூரைக்கும் கொட்டகைக் கூரைக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், நானே நின்றிருக்கிறேன். சின்ன வயதில் பல்லைப் பிடுங்க நாள் கடத்தினாயே, அந்தக் குரல் கேட்கிறது உன் கடிதத்தில்.

மேல்கிராமத்துக்குப் போக வேண்டும் என்று நீதான் எழுதினாய். கூடை பின்னும் அம்மாவின் கண்ணாடியைப் பற்றியும் நீதான் எழுதினாய். வருஷக் கடைசி என்பது உன் குருவிக்காகக் காத்திருக்காது. எதற்காகத் தள்ளிப்போடுகிறாய் என்று எனக்குப் புரியவில்லை. புரியும்படி ஒரு வரி எழுது.

போன வாரம் சரக்கை ஒரு பக்கமாக ஏற்றிவிட்டார்கள். கப்பல் லேசாகச் சாய்ந்தே வந்தது. முதல் நாள் எல்லாருக்கும் எரிச்சல். தட்டு நழுவுகிறது, விளக்கு கோணலாகத் தொங்குகிறது. அப்புறம் பழகிப்போய், அந்தச் சாய்வுக்கு ஏற்றபடியே நடந்தோம், படுத்தோம். துறைமுகத்தில் சரக்கை இறக்கிக் கப்பல் நிமிர்ந்த அன்றுதான் ஒருவருக்கும் நடக்க வரவில்லை. சமையல்காரர் நேரான தரையில் தடுமாறி விழுந்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

பதில் போடு.

உன் தம்பி


ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

மாட்டியாகிவிட்டது. வண்டி நன்றாகத் துக்கிக்கொண்டு நிற்கிறது. ஏறும்போது முழங்கால் கொஞ்சம் முனகுகிறது, பழகிவிடும். நீ கட்டிய அட்டைகளை ரேடியோ படித்துத்தான் போட்டான். எல்லாம் சரியாக இருக்கிறது, கவலைப்படாதே.

குருவி ஒன்றும் சொல்லவில்லை.

மேல்கிராமத்துக்கு இனிமேல்தான் போக வேண்டும். மத்தியானத்தில் நல்ல துக்கம்.

உன் அக்கா


ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், நம்பு. நீ?

மாட்டிவிட்டாய் என்று படித்ததும் எஞ்சின் அறையில் எல்லாருக்கும் சொன்னேன். ஒருவர்கூட உன்னைப் பார்த்ததில்லை, ஆனாலும் கை தட்டினார்கள். எண்ணெய்க் கையால் தட்டினால் சத்தம் வராது, அது வேறு.

ஆனால் கடிதம் எனக்குப் போதவில்லை. உயரம் எவ்வளவு கூடியது? இரண்டு பக்கமும் சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வைத்து அளந்து எழுது. குழியில் இறங்கி ஏறும்போது எப்படி இருக்கிறது? ஓடையைத் தாண்டினாயா? வழக்கமாக ஒரு தையல்காரரைப் பற்றியே ஒரு பக்கம் எழுதுகிறவள், இத்தனை நாள் பேசிய வண்டியைப் பற்றி நாலு வரியில் முடித்துவிட்டாய்.

அளவு கேட்டு ரேடியோவுக்கும் தனியாக ஒரு கடிதம் போடுகிறேன். உன்னை நம்பாமல் இல்லை. நீ டேப்பைப் பிடிக்கும் அழகு எனக்குத் தெரியும்.

உன் தம்பி


ஆகஸ்ட் 16

தம்பிக்கு வணக்கம்,

ரேடியோ எழுதுறேன். பட்டறையில எல்லாரும் சௌக்கியம், நீங்களும் கடல்ல சௌக்கியமா இருக்கணும். எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது, தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க.

சாமான் முதல் தரம். உயரம் ரெண்டு அங்குலம் கூடியிருக்கு, ஓட்டுற பக்கம் மட்டும் அதைவிடக் கம்மி. ஆமா தம்பி, வண்டி இன்னும் அந்தப் பக்கம் சாஞ்சுதான் நிக்குது. முன்னாடி இருந்த அளவுக்கு இல்ல, ஆனா சாயுது. எனக்கும் மண்டை காஞ்சுபோச்சு. நீங்க எழுதின அட்டையைப் பாத்துத்தான் போட்டேன். ஒண்ணுல "அத்தான் பக்கம்"னு இருந்துச்சு, ஒண்ணுல "அக்கா பக்கம்"னு இருந்துச்சு. இப்ப வண்டியை ஓட்டுறது அக்காதானே. அதனால அக்கா பக்கத்தை ஸ்டீயரிங் பக்கம் போட்டேன். அண்ணன் இல்லாததால அத்தான் பக்கத்தை எதிர்ப்பக்கம் போட்டேன். சரிதானே?

இறக்கி நிறுத்தின உடனே சாய்வு தெரிஞ்சுபோச்சு. "அக்கா, எங்கேயோ இடிக்குது, கழட்டிப் பாக்கறேன்"னு சொன்னேன். அக்கா வண்டியை ஒரு சுத்துச் சுத்தி வந்து பாத்தாங்க. அப்புறம் பக்கத்து சீட்டுல ஏறி உக்காந்து கதவைச் சாத்திக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு இறங்கி, "இருக்கட்டும் ரேடியோ, இதுவே நல்லா இருக்கு, தம்பிகிட்ட ஒண்ணும் சொல்லாதே"ன்னாங்க. சிரிச்ச முகமாத்தான் இருந்தாங்க. சொல்லாதேன்னு சொன்னதைச் சொல்லிட்டேன், என் வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் மேல்கிராமத்துக்குப் போய்ப் பாக்கலாம்னு நானும் கூடப் போனேன். ஓடைப் பாறையை வண்டி அசால்ட்டாத் தாண்டிருச்சு. அப்புறம் அந்தப் பெரிய வளைவு இருக்கே, பாதையே பள்ளத்துப் பக்கமாச் சரிஞ்சு கிடக்குது. ஏறும்போது பள்ளம் ஓட்டுறவங்க பக்கம். வண்டியும் அந்தப் பக்கமே சாயுது. அக்கா நடுவுல நிறுத்திட்டாங்க. பிரேக்குல இருந்து காலை எடுக்கவே இல்ல. "போதும், திரும்பிடலாம்"னாங்க. நான்தான் பின்னாலேயே எடுத்து இறக்கினேன்.

மத்தியானம் எப்பப் போனாலும் அக்கா கொட்டகையில அந்தப் பக்கத்து சீட்டுலதான் இருக்காங்க. காலியான ஸ்டீயரிங் பக்கமாத் தலை சரிஞ்சிருக்கும். தூங்குறாங்கன்னு சத்தம் போடாம வந்துடுவேன். நான் சத்தம் போடாம வர்றேன்னா பாத்துக்குங்க.

இப்படிக்கு,
உங்கள் ரேடியோ


செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு ஒன்றும் இல்லை.

ரேடியோ எழுதிவிட்டான். அவனைத் திட்டாதே, அவனால் முடிந்த அளவுக்குப் பொறுத்திருந்திருக்கிறான்.

ஸ்பிரிங்கை அவன் தப்பாகப் போடவில்லை. அட்டையை எழுதிய கைதான் தப்பு. ஓட்டும் பக்கம் என்று நினைத்ததுமே என் கை "அத்தான் பக்கம்" என்று எழுதிவிட்டது. எழுதும்போது ஒரு உறுத்தல்கூட இல்லை, பார். அவர் போனபோது நான் நடுக்கடலில் இருந்தேன், வந்து சேர முடியவில்லை. நான் அந்தக் காலி சீட்டைப் பார்க்கவே இல்லை அக்கா. என் மனசில் அவர் இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். நீ இன்னும் பக்கத்து சீட்டில்தான் இருக்கிறாய். ரேடியோ ஒருவன்தான் உள்ளதை உள்ளபடி படித்திருக்கிறான்.

பின் சீட்டில் உட்கார்ந்து அத்தனை தடவை பார்த்தும், உன் தலை ஏன் எப்போதும் அந்தப் பக்கமே சரிகிறது என்று நான் யோசித்ததில்லை. வண்டியே அவர் பக்கம் சாய்ந்திருந்தது. நீ எதற்காக நாள் கடத்தினாய் என்று இப்போதுதான் புரிகிறது. நான் குருவியைக் கேலி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துத் திரும்பப் படித்தேன். "வண்டியில் உட்கார்ந்தால்தான் துக்கம் வருகிறது." "மத்தியானத்தில் நல்ல துக்கம்." இத்தனை வருஷப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் நானே வாலைச் சேர்த்துப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். இப்போது எனக்குத் தெரியவில்லை. நீ ஊரைக் கேட்கிற கேள்வியை உன்னிடம் கேட்கிறேன். வால் இருக்கா, இல்லையா?

ஸ்பிரிங்கை மாற்று என்று நான் சொல்லமாட்டேன். அந்த வளைவில் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நின்றாய் என்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லமாட்டேன்.

மெதுவாகப் பதில் எழுது.

உன் தம்பி


நவம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா நன்றாக இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு மேல் உன்னைக் காக்க வைத்துவிட்டேன், நீ ஒவ்வொரு துறைமுகத்திலும் ஏஜென்ட்டைப் போய்த் தொந்தரவு செய்திருப்பாய். முழங்கால் உறையை அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதனால் இந்தக் கடிதத்தை நீ முழுசாக நம்பலாம்.

உன் கேள்விக்குப் பதில் எனக்கே தெரியாமல் இருந்தது. தெரிந்துகொள்ள இவ்வளவு நாள் ஆயிற்று.

அத்தானோடு சுற்றுக்குப் போய் வரும்போதெல்லாம் திரும்பும் வழியில் தூங்கிவிடுவேன். பக்கத்து சீட்டில் நேராகத்தான் உட்காருவேன். வண்டி தானாகவே என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் தோளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அவர் கனத்துக்கு வண்டி சாய்ந்ததா, நான் சாய வேண்டும் என்று வண்டி சாய்ந்ததா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் என் சட்டையை எச்சில் பண்றீங்க" என்பார். அவர் போன பிறகும் வண்டிக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. கொட்டகையில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினால், உடம்பு அந்தப் பக்கமே நழுவும். நழுவ நழுவ, இதோ தோள் வரப்போகிறது என்று இருக்கும். அந்த இடைவெளியில் தூக்கம் வந்துவிடும். விழித்தால் தோள் இருக்காது. கண்ணை மூடும்போது வால் இருந்தது தம்பி, திறக்கும்போது இல்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரி எழுதிவிட்டுப் போய்விட்டேன்.

அந்த ஸ்பிரிங்கை ரேடியோ மாட்டி இறக்கியபோது, இனிமேல் நழுவ மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேதான் வண்டியைச் சுற்றி வந்தேன். பார்த்தால் வண்டி அவர் பக்கமே சாய்ந்து நிற்கிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். அவர் எங்கேயும் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மாதிரி இருந்தது. அதை உன்னிடம் சொன்னால் நீ சரிசெய்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை.

உன் கடிதம் வந்த பிறகும் அப்படியேதான் இருந்தேன். போன மாதம் மேல்கிராமத்திலிருந்து பால்காரர் ஒருவர் நடந்து இறங்கி வந்தார். கூடை பின்னும் அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். "கண்ணாடிக்காரம்மா இன்னும் உசுரோடதான் இருக்காங்களான்னு பாத்துட்டு வா. இருந்தா, என் விரலெல்லாம் பிரம்புல கிழிஞ்சு கிடக்குதுன்னு சொல்லு. இல்லன்னா வேண்டாம்."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. அத்தான் அவளிடம், "அடுத்த தடவை வரும்போது கையோட கொண்டாந்துடுவோம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் வாக்கு என் பெட்டியில் கிடக்கிறது. நான் அவர் சாய்வில் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்று மத்தியானம் கடைசியாக ஒரு முறை பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். மேகம் வந்தது. நழுவினேன், ஆனால் தூங்கவில்லை. சும்மா அந்த இடத்தில் தலையை வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இறங்கி, மறுபக்கம் போய் ஏறி, நேராகப் பட்டறைக்கு ஓட்டினேன்.

"மாத்திப் போடு ரேடியோ" என்றேன். அந்தப் பேச்சுக்காரன் உடனே ஜாக்கியை எடுத்தான். மாற்றி முடித்ததும் இரண்டு அட்டைகளையும் என் கையில் கொடுத்து, "எது எங்கே அக்கா?" என்று மட்டும் கேட்டான். "அக்கா பக்கம்" அட்டையை ஸ்டீயரிங் பக்கத்திலேயே கட்டச் சொன்னேன். ரேடியோ முதலில் படித்ததுதான் சரி. ஸ்பிரிங் இடம் மாறியிருக்கிறது, அட்டை மாறவில்லை. இன்னொரு அட்டையை என் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

வண்டி நேராக நிற்கிறது. உன் கப்பல் சமையல்காரர் மாதிரி முதல் இரண்டு நாள் எனக்கு ஓட்டவே வரவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஸ்டீயரிங்கை இழுத்துப் பிடித்தேன். இத்தனை நாள் சாய்வுக்கு எதிராகப் பிடித்துப் பிடித்துக் கை அப்படியே பழகிவிட்டிருந்தது.

நேற்று மேலே போனேன். தனியாகத்தான். ஓடையில் பாறை எங்கே இருந்தது என்றுகூடத் தெரியவில்லை. வளைவில் பாதை பள்ளத்துப் பக்கம் சரிந்துதான் கிடந்தது, வண்டி மலைப் பக்கமே ஒட்டிக்கொண்டு ஏறியது. கீழே முழுக்க மேகம், உன் கனவில் வந்த கடல் மாதிரி. மீன் மட்டும்தான் இல்லை. "தண்ணியில ஓடுது வண்டி" என்று சத்தமாகச் சொன்னேன். சத்தம் போடாதே என்று சொல்ல ஆள் இல்லை. இன்னொரு முறை சொன்னேன்.

கூடை பின்னும் அம்மா கட்டிக்கொள்ளவும் இல்லை, திட்டவும் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் தன் விரல்களைப் பார்த்தாள். அப்புறம் கூடையைப் பார்த்தாள். "இவ்வளவு மோசமாவா பின்னிட்டிருந்தேன்?" என்றாள். கண் பார்க்கும் அட்டையைக் கையில் கொடுத்துக் கடைசி வரியை வாசிக்கச் சொன்னேன். "முதல்ல வால் இல்ல, அடுத்ததுல இருக்கு" என்று சரியாகச் சொன்னாள். கண்ணாடிக் கூட்டைக் கொடுத்தேன். அதன்மேல் போன வருஷம் என் கையால் எழுதி ஒட்டிய சீட்டைக் கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினாள். "துரப்பார்வை... ஏம்மா, இதுல வாலைக் காணோமே?"

சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் பேனாவை எடுத்து அவள் முன்னாலேயே வாலைப் போட்டுக் கொடுத்தேன். "இப்ப?" என்றேன். "இப்பத் தெரியுது" என்றாள்.

திரும்பும் வழியில் வளைவு தாண்டியதும் ஓரமாக நிறுத்தினேன். பக்கத்து சீட்டுக்குப் போகவில்லை. ஓட்டும் சீட்டிலேயே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். எந்தப் பக்கமும் நழுவவில்லை. விழித்தபோது மேகம் விலகிக் கீழே நம் கொட்டகைக் கூரை தெரிந்தது.

தூங்கினேன் தம்பி. வால் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் அக்கா